தினமும் எத்தனை நிமிடம் சிரிக்கணும், டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 64. வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. மனைவி, மகன், மருமகள், பத்து வயதுப் பேரன் எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஆறு வருடமாக பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன். வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்கிறார்களே என்று தினமும் இரவு இயர்போன் மாட்டிக்கொண்டு 40 நிமிடம் காமெடிக் காட்சிகள் பார்க்கிறேன். மூன்று மாதம் ஆயிற்று, பி.பி.யில் பெரிய மாற்றம் இல்லை. நிமிடத்தைக் கூட்ட வேண்டுமா? நன்றாகச் சிரித்தால் மாத்திரையை விட்டுவிடலாமா? பக்கத்துப் பூங்காவில் காலையில் சிரிப்புப் பயிற்சி நடக்கிறது. 'ஹா ஹா' என்று வலியச் சிரிப்பது எனக்கு நடிப்பது போல இருக்கிறது. அதனால் பலன் உண்டா? மனைவிக்கு ஒரு மாதம் முன்பு ஹெர்னியா ஆபரேஷன் ஆனது. அவளையும் அழைத்துப் போகலாமா? "உங்க முகத்துல சிரிப்பைப் பார்த்து வருஷமாச்சு" என்று குறை சொல்வதும் அவள்தான். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிச் சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் பிடிபடுவதில்லை. கேட்டால் "ஒண்ணுமில்லை" என்கிறார்கள். என்னைப் பற்றித்தானோ என்றுகூடச் சில நேரம் தோன்றுகிறது. நானாக ஏதாவது ஜோக் அடித்தால் மருமகள் சிரிக்கிறாள், ஆனால் எழுந்து போய்விடுகிறாள்.

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, பி.பி. பற்றிய கேள்வி என்று நினைத்துக்கொண்டு படித்தேன். இரண்டாம் முறை கடைசி நான்கைந்து வரிகளில் அப்படியே நின்றுவிட்டேன். அந்த வரிகளுக்குக் கடைசியில் வருகிறேன். முதலில், தள்ளிப்போட முடியாத இரண்டைச் சொல்லிவிடுகிறேன்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள். சிரிக்கும் நேரத்தில் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். சிரித்து முடித்த பிறகு உடம்பு தளரும், துடிப்பும் இறங்கும். அந்தத் தளர்வு கொஞ்ச நேரம்தான் நிற்கும், மறுநாள் காலை வரை வராது. மாத்திரையின் வேலை 24 மணி நேரமும் நடக்க வேண்டியது. சில வகை பி.பி. மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் அழுத்தம் முன்பிருந்ததைவிட எகிறும், அதுவும் எந்த அறிகுறியும் காட்டாமல். குறைக்கலாமா, மாற்றலாமா என்பதை உங்களைப் பார்க்கும் டாக்டர் அளவுகளைப் பார்த்துச் சொல்லட்டும்.

இரண்டாவது, உங்கள் மனைவி. அடக்க முடியாமல் சிரிக்கும்போது வயிற்றுக்குள் ஏறும் அழுத்தம் இருமும்போது ஏறுவது போன்றதுதான். ஆபரேஷன் ஆகி ஒரு மாதத்தில் கூட்டத்தோடு நின்று அரை மணி நேரம் வலியச் சிரிப்பது வேண்டாம். ஆபரேஷன் செய்த சர்ஜன் சரி என்று சொன்ன பிறகு போகட்டும். வீட்டில் தானாக வரும் சிரிப்பை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். சிரிப்பு வரும்போது ஒரு தலையணையைத் தையல் பக்கம் அணைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், வலி குறையும்.

சிரிப்பால் கெடுதல் உண்டா என்று கேட்டால் பலர் என்னையே பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் 2013-ல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் இரண்டு ஆய்வாளர்கள் சிரிப்பின் நன்மையோடு தீமையையும் தேடித் தொகுத்தார்கள். ஆஸ்துமா தூண்டப்படுவது, மயக்கம், சிறுநீர் கசிவு, குடலிறக்கம் (ஹெர்னியா) பிதுங்குவது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சிறுநீர் கசிவைப் பற்றி ஒரு வார்த்தை. சிரித்தால் கசிந்துவிடுமோ என்று பயந்தே கூட்டத்தில் சிரிப்பதை நிறுத்திக்கொண்ட பெண்கள் நிறையப் பேர். வெளியே சொல்ல மாட்டார்கள். இடுப்புத்தள தசைகளுக்கான பயிற்சியிலேயே பலருக்கு இது நன்றாகக் குறைகிறது. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இருந்தால் டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள்.

சரி, உங்கள் 40 நிமிடக் கணக்குக்கு வருவோம்.

சிரிப்பை மருந்தாக்கியதில் நம் பழமொழிக்கு இருக்கும் பங்கு போலவே, உலக அளவில் ஒரு பத்திரிகை ஆசிரியருக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவின் நார்மன் கசின்ஸ். 1964-ல் அவருக்கு முதுகுத்தண்டை இறுக்கும் கடுமையான மூட்டு நோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவர் மருத்துவமனையை விட்டு ஓட்டல் அறைக்கு மாறி, நகைச்சுவைப் படங்களைப் போட்டுப் பார்த்தார். பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று எழுதினார். அது 1976-ல் பெரிய மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்து உலகம் முழுக்கப் பரவியது. கதையில் பலர் சொல்லாமல் விடுவது, அவர் கூடவே பெரிய அளவில் வைட்டமின் சி-யும் எடுத்துக்கொண்டார் என்பதை. அவருக்கு வந்தது உண்மையிலேயே அந்த நோய்தானா என்ற சந்தேகமும் பின்னால் எழுந்தது. தானாகத் தணியும் நோயாகவும் இருந்திருக்கலாம். ஒரே ஒரு ஆளின் அனுபவத்தை வைத்து மருந்துச் சீட்டு எழுத முடியாது. ஆனால் வலி குறைந்தது என்று அவர் சொன்னதை மட்டும் நான் ஒதுக்க மாட்டேன். அதற்குப் பின்னால் வந்த ஆய்வுகள் துணை நிற்கின்றன.

சிரிக்கும்போது உடம்பில் நடப்பது கிட்டத்தட்ட ஒரு சின்ன வலிப்பு மாதிரி. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத் தசையும் விலா எலும்புகளுக்கு இடையிலான தசைகளும் சுருங்கிச் சுருங்கி, ஒரே வெளிமூச்சைத் துண்டு துண்டாக நறுக்குகின்றன. ஒவ்வொரு 'ஹா'வும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட நீளாது. நொடிக்கு ஐந்து என்ற கணக்கில் வரும். மூச்சு உள்ளே போக இடமில்லாமல் வெளியே மட்டும் போய்க்கொண்டே இருப்பதால்தான் 'சிரிச்சு சிரிச்சு மூச்சு முட்டுது' என்கிறோம். 2005-ல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மில்லர் என்ற இதய மருத்துவர் 20 ஆரோக்கியமானவர்களுக்குச் சிரிப்புப் படக் காட்சியும் பதற வைக்கும் போர்ப் படக் காட்சியும் போட்டுக் காட்டி, கையின் ரத்தக் குழாயை அளந்து பார்த்தார். சிரித்தபோது ரத்த ஓட்டம் சராசரியாக 22 சதவீதம் கூடியது, பதறியபோது 35 சதவீதம் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் இருபதே பேர், கொஞ்ச நேர மாற்றம். இதை 'சிரித்தால் மாரடைப்பு வராது' என்று நீட்டுவது அந்த ஆய்வுக்கே அநியாயம்.

இன்னொன்று, சிரித்தால் எடை குறையும் என்ற பேச்சு. 10 முதல் 15 நிமிடம் உண்மையாகச் சிரித்தால் 10 முதல் 40 கலோரி வரை செலவாகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் நடந்தாலே இந்தக் கணக்கு தீர்ந்துவிடும். நடையை விட்டுவிட்டுச் சிரிப்பை நம்ப வேண்டாம்.

ஜப்பானின் யமகத்தா மாகாணத்தில் 40 வயதைத் தாண்டிய 17,152 பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2020-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மாதத்தில் ஒரு முறைகூடச் சிரிக்காதவர்களிடம், வாரம் ஒரு முறையாவது சிரிப்பவர்களைவிட இறப்பு அதிகமாக இருந்தது. அந்த மாகாணம் 2024-ல் மக்கள் தினமும் ஒரு முறையாவது சிரிக்க முயல வேண்டும் என்று சட்டமே போட்டது. (சிரிக்காவிட்டால் தண்டனை எதுவும் இல்லை, பயப்படாதீர்கள்.) ஆனால் எது முன், எது பின் என்று யோசித்துப் பாருங்கள். நோயாளியாக இருப்பவர், தனியாக இருப்பவர், வலியோடு இருப்பவர் குறைவாகத்தான் சிரிப்பார். சிரிக்காததால் உடம்பு கெட்டதா, உடம்பும் வாழ்க்கையும் கெட்டதால் சிரிப்பு நின்றதா? இந்த மாதிரி ஆய்வால் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

எனக்கு இவற்றையெல்லாம்விட நம்பிக்கை தருவது வேறு ஒரு கண்டுபிடிப்பு. உங்கள் இயர்போனுக்கும் அதுதான் பதில்.

ராபர்ட் புரொவைன் என்ற அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் தன் மாணவர்களோடு பொது இடங்களில் உலாவி, மக்கள் தானாகச் சிரிக்கும் 1,200 தருணங்களைக் குறித்து வைத்தார். சிரிப்பதற்குச் சற்று முன் என்ன பேசினார்கள் என்பதையும் எழுதிக்கொண்டார்கள். ஜோக் என்று சொல்லத்தக்க எதையும் தொடர்ந்து வந்த சிரிப்பு 20 சதவீதத்துக்கும் குறைவு. மற்றதெல்லாம் 'சரி, அப்புறம் பார்க்கலாம்', 'அதோ அவனே வந்துட்டான்' என்ற ரகத்துச் சாதாரணப் பேச்சு. கேட்டவரைவிடப் பேசியவர்தான் அதிகம் சிரித்தார். இன்னொரு கணக்கில், தனியாக இருக்கும்போது சிரிப்பதைப் போல 30 மடங்கு மற்றவர்களோடு இருக்கும்போது சிரிக்கிறோம் என்று தெரிந்தது.

நகைச்சுவையையும் சிரிப்பையும் நாம் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறோம். குழந்தை மூன்று நான்கு மாதத்திலேயே, ஒரு வார்த்தை பேசத் தெரியும் முன்பே சிரிக்கிறது. அதற்கு எந்த ஜோக் புரிந்தது? 'நீ இருக்கிறாய், நானும் இருக்கிறேன்' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் ஒலிதான் சிரிப்பு. ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பர் குழுவினர், சிரித்த பிறகு வலியை எவ்வளவு தாங்க முடிகிறது என்று அளந்தார்கள். சிரித்தவர்களுக்கு வலி தாங்கும் அளவு கூடியிருந்தது. சும்மா நல்ல மனநிலையில் இருந்தவர்களுக்கு அது நடக்கவில்லை. 2017-ல் பின்லாந்தின் துர்க்கு நகரில் 12 ஆண்களை அவரவர் நண்பர்களோடு அரை மணி நேரம் சிரிக்கவிட்டு, மூளையை ஸ்கேன் செய்தார்கள். மூளையே சுரக்கும் அபின் போன்ற வலி நீக்கிகள் கூடியிருந்தன. கசின்ஸ் சொன்ன பத்து நிமிடமும் இரண்டு மணி நேரத் தூக்கமும் இங்கேதான் எனக்கு நினைவுக்கு வரும். அந்த ஆய்வில் 'நண்பர்களோடு' என்ற வார்த்தையைக் கவனியுங்கள்.

இன்னும் ஒரு விந்தை. இரண்டு பேர் சேர்ந்து சிரிக்கும் ஒலியில் ஒரே ஒரு நொடியை வெட்டி எடுத்து, உலகின் 24 சமூகங்களைச் சேர்ந்த 966 பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். சிரிப்பவர்கள் நண்பர்களா, இப்போதுதான் சந்தித்தவர்களா என்று கேட்டார்கள். வெறும் ஊகத்தில் கிடைப்பதைவிட எல்லாச் சமூகத்திலும் சரியான பதில் அதிகமாக வந்தது, மொத்தத்தில் சுமார் 61 சதவீதம். பேசும் மொழி புரியாவிட்டாலும் உறவின் நெருக்கம் சிரிப்பில் காதுக்கு எட்டிவிடுகிறது.

ஆகவே ஐயா, நிமிடத்தைக் கூட்ட வேண்டாம். அந்த 40 நிமிடத்தால் கெடுதல் இல்லை. மனசு லேசானால் பாருங்கள், ஆனால் மாத்திரையை விழுங்குவது போல முகத்தை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம். இயர்போனைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பார்த்தால் அதே காட்சிக்கு உங்களுக்குச் சிரிப்பு வேறு மாதிரி வரும்.

பூங்காச் சிரிப்புக்கு வருகிறேன். மும்பையில் மதன் கட்டாரியா என்ற டாக்டர் 1995 மார்ச் 13 அன்று ஐந்தே பேரோடு ஒரு பூங்காவில் இதைத் தொடங்கினார். முதலில் வட்டமாக நின்று ஆளுக்கொரு ஜோக் சொல்லித்தான் சிரித்தார்கள். இரண்டே வாரத்தில் நல்ல ஜோக்குகள் தீர்ந்துபோய், மனசைப் புண்படுத்தும் ஜோக்குகள் வர ஆரம்பித்தன. சிலர் முகம் சுளித்தார்கள். அப்போதுதான் ஜோக்கே இல்லாமல், மூச்சுப் பயிற்சியோடு சேர்த்து வலியச் சிரிக்கும் முறைக்கு மாறினார். இன்று உலகெங்கும் நடக்கும் சிரிப்பு யோகாவின் ஆரம்பம் இது.

'பொய்ச் சிரிப்புக்கும் நிஜச் சிரிப்புக்கும் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது' என்று அங்கே சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. மூளையில் இரண்டுக்கும் பாதை வேறு. பக்கவாதம் வந்த சிலரிடம் 'சிரியுங்கள்' என்று சொன்னால் வாய் ஒரு பக்கமாகத்தான் போகும். அவரே பேரக்குழந்தையைப் பார்த்துத் தானாகச் சிரிக்கும்போது இரண்டு பக்கமும் சமமாக மலரும். இதைப் படுக்கையருகில் நின்று பார்த்தவர் யாரும் இரண்டு சிரிப்பும் ஒன்று என்று சொல்ல மாட்டார். பேனாவைப் பல்லில் கடித்து முகத்தைச் சிரித்தாற்போல் வைத்தாலே மகிழ்ச்சி கூடும் என்று 1988-ல் வந்த ஆய்வு பிரபலமானது. 2016-ல் 17 ஆய்வகங்களில் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அப்படியானால் போகக் கூடாதா? போகலாம். வலியச் சிரிக்க ஆரம்பித்த பத்துப் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்போது, இரண்டு நிமிடத்தில் நிஜச் சிரிப்பு தொற்றிக்கொள்ளும். நானும் ஒரு முறை போய், முதல் ஐந்து நிமிடம் எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் எதிரே நின்ற பெரியவர் ஒருவர் சிரிக்கவே தெரியாமல் தும்மல் போல ஒரு சத்தம் போட்டார். அங்கே போனது என் கௌரவம். காலையில் எழுந்து, நடந்து போய், ஆழமாக மூச்சு விட்டு, நான்கு பேர் பெயரைத் தெரிந்துகொண்டு திரும்புவதே உங்களைப் போல ஓய்வு பெற்றவருக்குப் பெரிய லாபம். அங்கிருப்பவர்களை உங்களுக்குப் பிடித்திருந்தால் போங்கள். பிடிக்காவிட்டால் நான்கு பேரோடு அரட்டை அடித்தபடி நடங்கள், அதுவும் போதும்.

இப்போது உங்கள் கடைசி வரிகள்.

எல்லோரும் சிரிக்கிறார்கள், எதற்கென்று பிடிபடுவதில்லை, கேட்டால் 'ஒண்ணுமில்லை' என்கிறார்கள், என்னைப் பற்றியோ என்று தோன்றுகிறது. இதை எனக்கு முன்னால் உட்கார்ந்து ஒருவர் சொன்னால், நான் கேட்கும் முதல் கேள்வி மனசைப் பற்றி இருக்காது. "ஐயா, காது டெஸ்ட் பண்ணிப் பார்த்தீங்களா?" என்றுதான் கேட்பேன்.

"எனக்குக் காது நன்றாகக் கேட்கிறதே" என்பீர்கள். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். வயதால் வரும் கேட்புக் குறைவு வானொலியின் சத்தத்தைக் குறைப்பது போல வருவதில்லை. முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள். பேச்சில் 'ஆ', 'ஓ' போன்ற உயிரொலிகள் தாழ்ந்தவை, அவை விழுந்துகொண்டே இருக்கும். 'ச', 'த', 'க', 'ப' போன்ற மெய்யொலிகள்தான் நழுவும். 'பட்டு', 'கட்டு', 'தட்டு' மூன்றும் ஒன்றாகிவிடும். அதனால் பேசுவது கேட்கும், என்ன பேசினார்கள் என்பது தெளியாது. ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசினால் உதட்டைப் பார்த்து மூளை இட்டு நிரப்பிக்கொள்ளும். நான்கு பேர் ஒன்றாகப் பேசி, பின்னால் டிவியும் ஓடினால் அது முடியாது. பெண்கள், குழந்தைகள் குரல் இன்னும் கஷ்டம்.

இதில் சிரிப்பு எங்கே வருகிறது என்றால், வீட்டில் யாரும் மேடையில் போல நிறுத்தி நிதானமாக ஜோக் சொல்வதில்லை. சிரிப்பு மூட்டுகிற அந்தக் கடைசி வார்த்தையைத்தான் எல்லோரும் குரலைத் தாழ்த்தி, வேகமாக, பாதி சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அது உங்கள் காதுக்கு வந்து சேருவதில்லை. 'என்ன, என்ன?' என்று நீங்கள் கேட்பதற்குள் அடுத்த பேச்சு போய்விடும். திரும்பச் சொன்னால் அதில் சிரிக்க ஒன்றும் இருக்காது, அதனால்தான் அவர்கள் 'ஒண்ணுமில்லை' என்கிறார்கள். சில மாதத்தில் நீங்கள் கேட்பதை நிறுத்திவிடுவீர்கள். அப்புறம் எழுந்து உள்ளே போய் இயர்போன் மாட்டிக்கொள்வீர்கள். அதில் ஒலி நேராகக் காதுக்குள் வருகிறது, வேண்டிய அளவு கூட்டிக்கொள்ளலாம், புரியாவிட்டால் திரும்பவும் ஓடவிடலாம், யாரும் அலுத்துக்கொள்ள மாட்டார்கள். உங்களுக்கு நகைச்சுவை உணர்வு இருக்கிறது, காட்சியைப் பார்த்துச் சிரிக்கவும் முடிகிறது. வீட்டார் நடுவில்தான் சிரிப்பு வரவில்லை. இந்த வித்தியாசம்தான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். அதற்குத்தான் பரிசோதனை. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். முதலில் காதுக்குள் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். வெறும் குறும்பியாக இருந்தால் அன்றைக்கே தீர்ந்தது. (நீங்களாகக் குச்சியை விட்டுக் குடைய வேண்டாம், அது உள்ளேதான் தள்ளும்.) இல்லையென்றால் ஆடியோகிராம் எடுப்பார்கள். ஒரு சின்ன அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான், வலி கிடையாது. காது மிஷின் வேண்டும் என்று சொன்னால் கூச்சப்படாதீர்கள். போட்ட முதல் நாளே அற்புதம் நடக்காது. தட்டு வைக்கும் சத்தம்கூட இடி போலக் கேட்டு எரிச்சல் வரும். மூளை பழகச் சில வாரங்கள் ஆகும். பெரும்பாலோர் அந்தச் சில வாரத்தில்தான் அதை மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள். கேட்புக் குறைவைக் கவனிக்காமல் விடுவது பிற்காலத்து மறதி நோய்க்கான, நம்மால் மாற்றக்கூடிய காரணிகளில் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2017 முதல் சொல்லிவருகிறது. அந்த வகையிலும் இது தள்ளிப்போடும் வேலை இல்லை.

காது நன்றாகக் கேட்கிறது என்று டெஸ்டில் வந்தால், அடுத்து இரண்டைப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமோ பசியோ கெட்டு, யாரையும் பார்க்கப் பிடிக்காமல் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு, 'கொஞ்சம் சிரியுங்க' என்ற அறிவுரை அதற்குச் சிகிச்சை ஆகாது. இன்னொன்று, மனைவி சொல்வது போல முகமே அசைவு குறைந்து இறுகியிருக்கிறதா? கூடவே குரல் மெலிந்து, கையெழுத்து சிறுத்து, நடக்கும்போது ஒரு கை வீசாமல் இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியதில் அதற்கான அடையாளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மனைவியையும் உடன் அழைத்துப்போய் அவர் கவனித்ததைச் சொல்லவிடுங்கள்.

மருமகள் எழுந்து போவது பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். என்ன ஜோக் என்று எழுதவில்லை. நம் பழைய இலக்கணம் சிரிப்புக்கு நான்கு காரணங்கள் சொல்லும்போது முதலில் வைப்பது எள்ளலை. ஆராய்ச்சியாளர்களும் மற்றவரோடு சேர்ந்து சிரிக்கும் வழக்கத்தையும் மற்றவரைக் குத்திச் சிரிக்கும் வழக்கத்தையும் தனித்தனியாகவே அளக்கிறார்கள், ஏனென்றால் இரண்டும் உறவை எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. அலுவலகத்தில் மேலதிகாரி ஜோக் அடித்தால் எல்லோரும் சிரிப்போமே, அந்தச் சிரிப்பை நீங்களும் முப்பது வருடம் சிரித்திருப்பீர்கள். வீட்டில் இப்போது மூத்தவர் நீங்கள். மாமனார் ஜோக்குக்கு மருமகள் சிரிப்பதை அவள் ரசித்ததற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. சிரித்துவிட்டு எழுந்து போகிறாளே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் சமையலையோ, அவள் பிறந்த வீட்டையோ, அவள் உடம்பையோ தொடும் ஜோக்காக இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். உங்களையே கிண்டல் செய்துகொள்ள ஆயிரம் விஷயம் இருக்குமே. தினமும் 40 நிமிடம் என்று கணக்கு வைத்துச் சிரிக்கப் பார்த்த ஓர் ஆள் என்று ஆரம்பித்தாலே போதும்.

அதே சமயம், காது சரியில்லாதவர் பேச்சின் நடுவில் சம்பந்தமில்லாமல் எதையாவது சொல்லிவிடுவதும் நடக்கும். அவர்கள் ஒன்று பேசியிருப்பார்கள், உங்கள் காதில் வேறு விழுந்திருக்கும், நீங்கள் அதற்கு ஜோக் அடித்திருப்பீர்கள். அவள் போனதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஆகவே டெஸ்ட் முடிவு வரும்வரை யார் மேலும் வருத்தம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

டெஸ்டுக்கு நாள் குறிக்கும்வரை வீட்டில் இவற்றைச் செய்து பாருங்கள். எல்லோரும் உட்காரும்போது டிவியை நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கட்டும், மற்றவர்கள் முகத்தில் வெளிச்சம் படட்டும். 'எனக்குச் சரியா விழலை, என் பக்கம் பார்த்துச் சொல்லுங்க' என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். 'ஒண்ணுமில்லை' என்ற பதிலை மட்டும் இந்த வீட்டில் தடை செய்துவிடலாம் என்று உங்கள் மகனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பேரனை அந்தப் பொறுப்புக்குப் போடலாம். பத்து வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்று தாத்தாவிடம் எடுத்துச் சொல்வதைவிடப் பிடித்த வேலை இருக்காது. அவன் பாதியை மாற்றித்தான் சொல்வான். சொல்லட்டும்.

ஆடியோகிராம் தாள் கைக்கு வந்ததும் அதில் உள்ள எண்களோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.